நாய்க்குட்டிக்குப் பேதி: எந்த வைரஸ் என்று கண்டுபிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குட்டிக்குப் பேதி என்றதும் எல்லோருக்கும் முதலில் வரும் பயம் பார்வோ என்ற வைரஸ் நோய். அது நியாயமான பயம்தான். சிகிச்சை இல்லாமல் விட்டால் பார்வோ வந்த குட்டிகளில் பெரும்பாலானவை இறந்துவிடும். நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலானவை பிழைத்துவிடும். இடையில் நிற்பது நாள் கணக்கு. டெஸ்ட்டுக்கும் அதே நாள் கணக்குதான் முக்கியம். பேதி என்றைக்கு ஆரம்பித்தது, மாதிரி என்றைக்கு எடுத்தார்கள், கடைசித் தடுப்பூசி என்றைக்குப் போட்டார்கள் என்ற மூன்று தேதிகளும் கையில் இல்லாமல் எந்த ரிசல்ட்டையும் சரியாகப் படிக்க முடியாது. கீழே உள்ள பதில்கள் பலவற்றில் இது திரும்பத் திரும்ப வரும்.

மலத்தைப் பார்த்தோ, அதன் நாற்றத்தை வைத்தோ பார்வோ என்று சொல்லிவிட முடியாதா?

முடியாது. அனுபவமுள்ள டாக்டருக்குச் சந்தேகம் வலுக்கும், அவ்வளவுதான். முதலில் சோர்வு, சாப்பாட்டை ஒதுக்குவது, காய்ச்சல், பிறகு வாந்தி, அதற்குப் பிறகு ரத்தம் கலந்த தண்ணீர்ப் பேதி என்பது பார்வோவில் வழக்கமாக வரும் வரிசை. ஆனால் வயிற்றில் கொக்கிப்புழு நிறைந்த குட்டிக்கும் ரத்தப்பேதி போகும். சால்மோனெல்லா கிருமியாலும் போகும். குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டாலும், விழுங்கிய துணியோ எலும்போ குடலில் அடைத்துக்கொண்டாலும் வாந்தி, சோர்வு, ரத்தம் எல்லாமே வரலாம். இன்னொரு பக்கம், பார்வோ வந்த எல்லாக் குட்டிகளுக்கும் மலத்தில் ரத்தம் வருவதில்லை. வெறும் வாந்தியும் சோர்வுமாக வந்து, மறுநாள்தான் பேதி தொடங்கும் குட்டிகளும் உண்டு. அந்தக் குட்டிகளைத்தான் "அஜீரணம்" என்று நினைத்து ஒரு நாள் வீணாக்கிவிடுகிறோம்.

அப்படியென்றால் ரிசல்ட் வரும்வரை சிகிச்சைக்குக் காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம், தயவுசெய்து காத்திருக்காதீர்கள். குட்டியைக் கொல்வது பெரும்பாலும் உடலில் நீர் வற்றுவதும், ரத்தத்தில் சர்க்கரை இறங்குவதும், அரிக்கப்பட்ட குடல் வழியாகப் பாக்டீரியா ரத்தத்துக்குள் போவதும்தான். எந்த வைரஸாக இருந்தாலும் இவற்றுக்கான சிகிச்சையை உடனே தொடங்கலாம். மற்ற நாய்களிடமிருந்து பிரித்து வைப்பதையும் சந்தேகம் வந்த அந்த நிமிடமே செய்துவிடலாம். டெஸ்ட் அதன் போக்கில் நடக்கட்டும்.

குட்டிகளுக்குப் பேதி உண்டாக்கும் வைரஸ்கள் எவை?

முதலிடம் பார்வோ வைரஸ் 2. 1978 வாக்கில் திடீரென்று தோன்றி, இரண்டே ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பரவியது. பூனைகளுக்கு வரும் பான்லூக்கோபீனியா வைரஸுக்கு நெருங்கிய சொந்தம். வேகமாகப் பெருகும் செல்களைத் தேடிப் போவது அதன் குணம். அதனால்தான் குடலின் உட்சுவரைப் புதுப்பிக்கும் செல்களும் எலும்பு மஜ்ஜையும் ஒரே நேரத்தில் அடிவாங்குகின்றன. ஒரு பக்கம் பேதி, மறுபக்கம் வெள்ளை அணுக்கள் சரிவு. 6 வாரத்திலிருந்து 6 மாதம் வரையுள்ள குட்டிகளை இது அதிகம் தாக்கும்.

அடுத்தது நாய்க் குடல் கொரோனா வைரஸ். 1971இல் ஜெர்மனியில் ராணுவ நாய்களிடம் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. கோவிட் வைரஸ் வேறு, இது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது குடலின் உட்சுவரில் விரல் போல நீட்டியிருக்கும் சிறு பகுதிகளின் நுனியை மட்டும் தாக்குவதால் தனியாக வந்தால் பெரும்பாலும் லேசான பேதியோடு போய்விடும். பார்வோவோடு சேர்ந்து வந்தால்தான் நிலைமை மோசமாகும்.

டிஸ்டெம்பர் வைரஸிலும் பேதி வரும். அதைத் தனியாகக் கீழே சொல்கிறேன். ரோட்டா வைரஸ் மிகச் சிறிய குட்டிகளுக்கு, முக்கியமாக 3 மாதத்துக்குள், பேதி தரும். அடினோ வைரஸ் 1 கல்லீரலைத் தாக்கும் நோயோடு சேர்த்துப் பேதியையும் கொண்டுவரலாம். இவை தவிர அஸ்ட்ரோ, நோரோ, கோபு, சர்க்கோ என்று ஒரு கூட்டம் இருக்கிறது. இவை பேதி உள்ள நாயிலும் கிடைக்கும், நன்றாக ஓடியாடும் நாயிலும் கிடைக்கும்.

கிளினிக்கிலேயே பத்து நிமிடத்தில் பார்க்கும் கிட் எதைக் காட்டுகிறது?

மலத்தில் இருக்கும் பார்வோ வைரஸின் புரதத்தை, அதாவது ஆன்டிஜெனை. மலத்தை ஸ்வாபில், அதாவது நுனியில் பஞ்சு வைத்த குச்சியில், தொட்டுத் திரவத்தில் கலக்கி, சில சொட்டு விட்டால் கோடு தெரியும். வேகமானது, எளிதானது. இதில் பாசிட்டிவ் வந்து அறிகுறிகளும் பொருந்தினால் தாராளமாக நம்பலாம். மங்கலான கோடும் கோடுதான். தடுப்பூசி போட்டு ஓரிரு வாரம்கூட ஆகவில்லை என்றால் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நெகட்டிவ் வந்தால் கதையே வேறு.

கிட்டில் நெகட்டிவ். ஆனால் குட்டி மோசமாகிக்கொண்டே போகிறது. எதை நம்புவது?

குட்டியை நம்புங்கள். ஒரு நெகட்டிவ் கிட் பார்வோ இல்லை என்று நிரூபிக்காது. இதற்கு நிஜமான காரணங்கள் உண்டு.

வைரஸ் உடலுக்குள் போய் 3 முதல் 4 நாட்களில் மலத்தில் வர ஆரம்பிக்கும்; அறிகுறிகள் பெரும்பாலும் 3 முதல் 7 நாட்களில் வெளிப்படும். சில நாட்கள் கோடிக்கணக்கில் வெளியேறும், பிறகு வேகமாகக் குறையும். கிட் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் வைரஸ் இருந்தால்தான் கோடு காட்டும். நோய் தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் மாதிரி எடுத்தாலும், ஒரு வாரம் கழித்து எடுத்தாலும் அந்த அளவு இல்லாமல் போகலாம்.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரிவதில்லை. குட்டியின் உடல் எதிர்த்துப் போராட ஆரம்பித்ததும் ஆன்டிபாடிகள் என்ற எதிர்ப்புப் புரதங்கள் குடலுக்குள் வந்து வைரஸைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். கிட் பிடிக்க வேண்டிய இடத்தை அவை மறைத்துவிடும். வைரஸ் இருக்கும், கோடு வராது.

மூன்றாவது, தண்ணீராகப் போகும் பேதியில் வைரஸ் நீர்த்துப்போய் இருப்பது. அப்புறம், ஸ்வாபில் மலமே சரியாக ஒட்டாமல் இருப்பது. கேட்கச் சின்ன விஷயம், ஆனால் நடக்கிற விஷயம்.

ஆகவே சந்தேகம் பலமாக இருந்தால் பார்வோ என்று வைத்துக்கொண்டே சிகிச்சையைத் தொடர வேண்டும், தனிமையை விலக்கக் கூடாது, ஓரிரு நாளில் கிட்டை மறுபடி போட வேண்டும் அல்லது அதே மாதிரியை, வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். டெஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டும். கிட் நெகட்டிவ் என்பதற்காகக் குட்டியைப் பொது வார்டில் மற்றக் குட்டிகளோடு வைத்துவிடுவது எனக்கு ஏற்கவே முடியாத முடிவு. அங்கிருந்துதான் அடுத்த நான்கைந்து குட்டிகளுக்குப் போகிறது.

தடுப்பூசி போட்ட சில நாட்களில் பேதி. டெஸ்ட் பாசிட்டிவ். தடுப்பூசியால் வந்த பார்வோவா?

தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள, ஆனால் வலுக்குறைக்கப்பட்ட வைரஸ். அது குட்டியின் குடலில் கொஞ்ச காலம் பெருகி, மலத்தில் சிறிய அளவில் வெளியேறும். அப்படிப் பெருகுவதால்தான் எதிர்ப்பு சக்தியே உண்டாகிறது. கிட்டில் இது ஏறக்குறைய முதல் பத்து நாட்களுக்குள் எப்போதாவது மங்கலான கோடாகத் தெரியலாம். பி.சி.ஆர். நுணுக்கமானது என்பதால் சில வாரங்கள்கூடக் காட்டும்.

ஆனால் அதை வைத்து "தடுப்பூசி வைரஸ்தான், ஒன்றும் இல்லை" என்று ஒதுக்கிவிடுவது ஆபத்து. தடுப்பூசி போடுவதற்கு முன்பே குட்டிக்குத் தொற்று ஏற்பட்டிருக்கலாம். ஊசி போட்ட மூன்றாம் நாள் நோய் வெளியே தெரியும். பார்க்கிறவர்களுக்கு ஊசியால் வந்தது போல இருக்கும். உண்மையிலேயே நோயுற்ற குட்டியில், பளிச்சென்ற கோடோடு, வெள்ளை அணுக்களும் விழுந்திருந்தால் அது வெளியிலிருந்து வந்த வைரஸ் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கண்டிப்பாகப் பிரித்தறிய வேண்டுமென்றால் தடுப்பூசி வைரஸையும் வெளி வைரஸையும் வேறுபடுத்தும் பி.சி.ஆர். முறைகளும், மரபணு வரிசையைப் படிப்பதும் இருக்கின்றன.

பி.சி.ஆர். டெஸ்ட்டில் கூடுதலாக என்ன கிடைக்கும்?

கிட் தவறவிடும் சிறிய அளவையும் பிடிக்கும். வைரஸின் மரபணுத் துண்டைத் தேடி அதை மடங்கு மடங்காகப் பெருக்கிக் காட்டும் முறை இது. ஆன்டிபாடி ஒட்டியிருந்தாலும் இதற்குக் கவலை இல்லை. பார்வோவுக்கு டி.என்.ஏ. என்பதால் நேரடியாகச் செய்யலாம். கொரோனா, டிஸ்டெம்பர், ரோட்டா மூன்றும் ஆர்.என்.ஏ. வைரஸ்கள், அவற்றுக்கு ஆர்.என்.ஏ.வை முதலில் டி.என்.ஏ.வாக மாற்றும் படி ஒன்று கூடுதலாக உண்டு.

ரிசல்ட்டில் சி.டி. என்று ஓர் எண் இருந்தால் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனையாவது சுழற்சியில் வைரஸ் கண்ணுக்குப் பட்டது என்பது அந்த எண். குறைவாக இருந்தால் வைரஸ் ஏராளம், அதிகமாக இருந்தால் சொற்பம். ஒவ்வொரு சுழற்சியிலும் அளவு இரட்டிப்பாகும் என்பதால் சி.டி. 15க்கும் 35க்கும் இடையே உள்ள வித்தியாசம் சுமார் 10 லட்சம் மடங்கு. இரண்டு தாளிலும் "பாசிட்டிவ்" என்றுதான் அச்சாகியிருக்கும். 15 என்றால் இதுதான் பேதிக்குக் காரணம் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். 35 என்றால் போன மாதத் தடுப்பூசியாகவோ, முடிந்துபோன தொற்றின் மிச்சமாகவோ இருக்கலாம். வேறு காரணத்தையும் தேட வேண்டும். ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபின் எண்ணோடு அப்படியே ஒப்பிடக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மலத்தில் பி.சி.ஆரைத் தடுக்கும் பொருட்களும் உண்டு. நல்ல லேப் ஒவ்வொரு மாதிரியோடும், டெஸ்ட் சரியாக நடந்ததா என்று காட்டும் ஒரு கட்டுப்பாட்டு டெஸ்ட்டையும் ஓட்டும். அது தோற்றிருந்தால் "நெகட்டிவ்" என்று எழுத மாட்டார்கள், மாதிரியை மறுபடி கேட்பார்கள்.

பல கிருமிகளைச் சேர்த்துப் பார்க்கும் பேனல் டெஸ்ட்டில் கொரோனா மட்டும் பாசிட்டிவ். அதுதான் காரணமா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கொரோனா வைரஸ் ஆரோக்கியமான நாய்களின் மலத்திலும் கிடைக்கிறது. சில நாய்கள் வாரக்கணக்கில் வெளியேற்றும். குட்டிக்கு லேசான பேதி, காய்ச்சல் இல்லை, வெள்ளை அணுக்கள் சரியாக இருக்கின்றன, புழு இல்லை என்றால் கொரோனாவைக் காரணமாகச் சொல்வதில் தவறில்லை. குட்டி சுருண்டு கிடக்கிறது, ரத்தப்பேதி போகிறது என்றால் கொரோனா என்ற பெயரோடு தேடலை நிறுத்தக் கூடாது. 2005இல் இத்தாலியில் உடல் முழுக்கப் பரவிக் குட்டிகளைக் கொன்ற ஒரு கொரோனா வகை கண்டுபிடிக்கப்பட்டது உண்மை. ஆனால் அது அரிது. அதை நினைப்பதற்கு முன் பார்வோவை ஒழுங்காக விலக்கியாக வேண்டும்.

ரத்தப் பரிசோதனையில் வைரஸ் தெரியுமா?

சாதாரண ரத்த எண்ணிக்கையில் வைரஸ் தெரியாது, அது செய்த சேதம் தெரியும். நியூட்ரோபில், லிம்போசைட் என்ற இரண்டு வகை வெள்ளை அணுக்களும் நன்றாக விழுந்திருந்தால் பார்வோ சந்தேகம் பலமாகும். கிட் நெகட்டிவாக இருக்கும்போது இந்த எண்ணிக்கை பெரிய உதவி. ஆனால் கடுமையான பாக்டீரியா தொற்றிலும் வெள்ளை அணுக்கள் விழும், பார்வோவின் முதல் நாளில் விழாமலும் இருக்கும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் திரும்பப் பார்ப்பதில்தான் பலன். விழுந்த எண்ணிக்கை ஏற ஆரம்பித்தால் குட்டி தேறுகிறது என்பதற்கு நல்ல அடையாளம்.

ஆன்டிபாடி டெஸ்ட்டைப் பேதிக்கான காரணம் தேடப் பயன்படுத்தாதீர்கள். குட்டியின் ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடி தாயிடமிருந்து வந்திருக்கலாம், தடுப்பூசியால் வந்திருக்கலாம், தொற்றால் வந்திருக்கலாம். எது என்று அந்த டெஸ்ட் சொல்லாது. தடுப்பூசி பிடித்திருக்கிறதா என்று பார்க்கத்தான் அது ஏற்றது.

எல்லாத் தடுப்பூசியும் போட்டாயிற்று. பிறகும் பார்வோவை டெஸ்ட் செய்ய வேண்டுமா?

குட்டி என்றால் வேண்டும். தாய்ப்பால் வழியாக வந்த ஆன்டிபாடி குட்டியைக் காப்பாற்றும், அதே சமயம் தடுப்பூசி வைரஸையும் செயலிழக்கச் செய்யும். இந்தத் தடை ஒரு குட்டிக்கு 8 வாரத்தில் விலகும், அதே ஈற்றில் பிறந்த இன்னொன்றுக்கு 14 வாரம் ஆனாலும் விலகாது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரமோ அதற்கு மேலோ ஆன பிறகு கடைசி ஊசி முடியும்படி அட்டவணை வைத்திருக்கிறார்கள். 12 வாரத்தில் "முடிந்தது" என்று நிறுத்திய குட்டிகள்தான் ஏமாற்றும். கார்டில் எத்தனை ஊசி என்று எண்ணுவதைவிட, கடைசி ஊசியின்போது குட்டிக்கு என்ன வயது என்று கணக்குப் போடுங்கள்.

பார்வோவில் 2ஏ, 2பி, 2சி என்று வகைகள் சொல்கிறார்களே, கிட் எல்லாவற்றையும் பிடிக்குமா?

பிடிக்கும். மூன்றுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு வி.பி.2 என்ற புரதத்தில் 426ஆம் இடத்தில் உள்ள ஒரே ஓர் அமினோ அமிலம். 2சி வகை 2000இல் இத்தாலியில் அடையாளம் காணப்பட்டது. கிட் நெகட்டிவாக வருவதற்கு வகையைவிட, மலத்தில் வைரஸ் குறைவாக இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். எந்த வகை என்று தெரிவதால் உங்கள் குட்டியின் சிகிச்சை மாறப்போவதில்லை. ஒன்று மட்டும்: இந்த மூன்று வகைகளும் பூனைகளையும் தொற்றக்கூடியவை. வீட்டில் தடுப்பூசி போடாத பூனை இருந்தால் அதையும் விலக்கி வையுங்கள்.

பேதியோடு கண், மூக்கிலும் சளி வடிகிறது. மலம் மட்டும் கொடுத்தால் போதுமா?

போதாது. டிஸ்டெம்பரை நினைக்க வேண்டிய இடம் இது. கண்ணில் பீளை, மூக்கில் கெட்டியான சளி, இருமல், பாதத் தோல் தடிப்பது, தாடையோ காலோ துடிப்பது, இவற்றில் எது சேர்ந்தாலும் டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள். நரம்பு அறிகுறிகள் பேதி நின்று சில வாரம் கழித்துக்கூட வரும். டிஸ்டெம்பருக்குக் கண் இமையின் உட்புற ஸ்வாப், சிறுநீர், ரத்தம் ஆகியவற்றில் பி.சி.ஆர். செய்வது வழக்கம், ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரி கொடுத்தால் தப்பவிடும் வாய்ப்பு குறையும். நரம்பு அறிகுறி வந்துவிட்ட நாயில் முதுகுத்தண்டு நீரும் தேவைப்படலாம். இங்கேயும் சமீபத்தில் போட்ட தடுப்பூசி சில வாரங்களுக்கு ரிசல்ட்டைக் குழப்பும்.

மாதிரியை எப்படி எடுப்பது, எப்படி அனுப்புவது?

ரிசல்ட் கெட்டுப்போவது லேபில் என்பதைவிட லேபுக்கு வருவதற்கு முன்பே என்பது என் எண்ணம். பேதி தொடங்கிய முதல் சில நாட்களுக்குள் எடுங்கள். ஆசனவாய் ஸ்வாபைவிட ஒரு ஸ்பூன் அளவு புதிய மலம் நல்லது. அது கிடைக்காவிட்டால் ஸ்வாபில் மலம் கண்ணுக்குத் தெரியும்படி ஒட்டியிருக்க வேண்டும். மண்ணிலிருந்து வழித்தெடுக்காதீர்கள். பி.சி.ஆருக்கு மரக்குச்சி ஸ்வாப் வேண்டாம், பிளாஸ்டிக் குச்சியில் செயற்கை இழை வைத்தது வேண்டும். மூடி இறுக்கமான, சுத்தமான டப்பாவில் போட்டு, 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைத்து, ஐஸ் பேக்கோடு ஓரிரு நாளில் சேர்த்துவிட வேண்டும். பார்வோ வெயிலுக்கும் அசைந்து கொடுக்காது; ஆர்.என்.ஏ. வைரஸ்கள் அப்படியில்லை, மேசையில் ஒரு பகல் கிடந்தாலே அவற்றின் மரபணு சிதைய ஆரம்பிக்கும். திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் ஊற்றக் கூடாது. உறைய வைப்பதும் உருக விடுவதுமாக மாறி மாறிச் செய்யக் கூடாது.

டப்பாவோடு போகும் தாளில் குட்டியின் வயது, முன்பு சொன்ன மூன்று தேதிகள், தடுப்பூசியின் பெயர், கொடுத்த மருந்துகள், வீட்டில் வேறு எந்தப் பிராணிக்காவது நோய் இருக்கிறதா என்பதை எழுதுங்கள். வெறும் "நாய், மலம்" என்று எழுதி வரும் டப்பாவுக்கு லேப் சொல்லக்கூடிய பதிலும் அரைகுறையாகத்தான் இருக்கும்.

மலத்தில் புழு முட்டை கிடைத்துவிட்டது. பிறகும் வைரஸைத் தேட வேண்டுமா?

ஆமாம். புழுவும், ஜியார்டியா, காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணிகளும் குட்டிகளில் சகஜம், பார்வோவோடு சேர்ந்தே இருக்கும். புழு இருக்கும் குடலில் பார்வோ இன்னும் கடுமையாகவும் வரும். அதனால் வைரஸ் டெஸ்ட்டும் மலத்தை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும் சேர்ந்தே போக வேண்டும்.

சிகிச்சை ஒன்றுதானே? எந்த வைரஸ் என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது?

குளுக்கோஸ், டிரிப், வாந்தி நிறுத்தும் மருந்து எல்லாம் பொதுவானவை என்பது சரி. பெயர் தெரிவதால் மாறுவது மற்றவை. பார்வோ என்றால் வீட்டைச் சுத்தம் செய்யும் முறை மாறும்: வைரஸ் மாதக்கணக்கில், சூழல் ஒத்துழைத்தால் ஒரு வருடத்துக்கு மேலும் தரையில் உயிரோடிருக்கும், ஆல்கஹால் சானிடைசர் அதைத் தொடாது, அழுக்கைக் கழுவிய பிறகு 1 பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, குறைந்தது 10 நிமிடம் ஊறவிட வேண்டும். கொரோனாவும் டிஸ்டெம்பரும் சோப்புக்கே அழியக்கூடியவை. டிஸ்டெம்பர் என்றால் பேதி நின்ற பிறகும் பல வாரம் கண்காணிக்க வேண்டும். பார்வோவுக்கு மட்டும் வேலை செய்யும் ஆன்டிபாடி ஊசி ஒன்றுக்கு 2023இல் அமெரிக்காவில் நிபந்தனையுடன் அனுமதி கிடைத்தது. அப்படி ஒரு மருந்து கிடைக்குமிடத்தில் காரணத்தைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது நேரடியாகவே உயிர் காக்கும்.

வீட்டிலேயே கிட் வாங்கிப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் நெகட்டிவ் வந்தால் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுவேன் என்றால் வாங்காதீர்கள்.

மனிதர்களுக்குத் தொற்றுமா?

நாய்ப் பார்வோவோ டிஸ்டெம்பரோ தொற்றாது. ஆனால் டெஸ்ட் முடியும்வரை பேதிக்குக் காரணம் தெரியாது. சால்மோனெல்லா, கேம்பைலோபேக்டர் போன்ற பாக்டீரியாக்களும் சில புழுக்களும் மனிதர்களுக்கு வரும். கையுறை போடுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சின்னப் பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

குட்டி தேறிவிட்டது. மறுபடி டெஸ்ட் செய்து நெகட்டிவ் வந்தால்தான் வெளியே விடலாமா?

கிட் நெகட்டிவ் என்பதை மட்டும் வைத்து விட வேண்டாம். பி.சி.ஆரோ வாரக்கணக்கில் பாசிட்டிவாகவே இருக்கும், அதனால் அதற்காகக் காத்திருப்பதும் சரிப்படாது. நன்றாகத் தேறிய பிறகு குறைந்தது 2 வாரம் தனியாக வைத்து, பிறகு குளிப்பாட்டி விடுவது நடைமுறைக்கு ஏற்றது. கூடப் பிறந்த குட்டிகளையும், கடைசித் தொடர்புக்குப் பிறகு 14 நாள் கவனியுங்கள். அதில் ஏதாவது ஒன்று சாப்பாட்டை ஒதுக்கினால் பேதி வரும்வரை காத்திருக்காமல் டெஸ்ட் செய்யுங்கள்.

குட்டி இறந்துவிட்டது. இனி டெஸ்ட் செய்வதில் அர்த்தம் இருக்கிறதா?

கூடப் பிறந்தவை உயிரோடு இருந்தால் நிச்சயம் இருக்கிறது. கேட்பதற்கே மனம் வராத நேரம் என்று தெரியும். ஆனாலும் அந்த உடலில் கிடைக்கும் பதில் மீதிக் குட்டிகளுக்கு உதவும். குடல் மற்ற உறுப்புகளுக்கு முன்பே அழுகத் தொடங்கும், அதனால் சில மணி நேரத்துக்குள் பரிசோதனை நடக்க வேண்டும். அதுவரை உடலைக் குளிரில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். உறைந்தால் திசு சிதைந்துவிடும். சிறுகுடலின் பல இடங்களிலிருந்து துண்டுகளும், மண்ணீரல், குடல் நிணநீர் முடிச்சு, நாக்கு ஆகியவையும் எடுப்பார்கள். ஒரு பங்கு 10 சதவீத ஃபார்மலினில் மைக்ராஸ்கோப்புக்குப் போகும், இன்னொரு பங்கு ஃபார்மலின் படாமல் பி.சி.ஆருக்குப் போகும்.